மருந்து பழகிப்போகவில்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் தேடிப் போகிறவர்கள் தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் என்றுதான் பார்ப்பார்கள். கடையின் பின்மூலையில் பழைய கணக்குப் பேரேடுகள் அட்டை பிய்ந்து கிடக்கும், அவற்றைச் சீந்துவாரில்லை. ஒரு மத்தியான வேளையில் அப்படி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதற்கடியில் கடையின் விலாசம், பிறகு வரிசையாக ஆள் பெயரும் தொகையும். எல்லாம் பழைய தமிழ் எண்கள். ஓரிடத்தில் ‘௰௪’ என்று எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் ‘௰௧’ என்று திருத்தியிருந்தார்கள். பதினொன்றைப் பதினான்காக ஏற்றிவிட்டார் கணக்கப்பிள்ளை. சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் படியெடுக்கும்போது கண் அசந்திருக்கும். க-வுக்கும் ச-வுக்கும் ஒரு சுழிப்புதானே வித்தியாசம்.

“கணக்கப்பிள்ளை கோட்டை விட்டிருக்காரே” என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “விட்டா என்னண்ணே, ஐந்தொகையிலே பிடிச்சுட்டாங்கள்ல.”

அதே வாரம் உறவில் பெரியப்பா முறையாகும் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஆறு வருஷமாக அவருக்கு ரத்தப் புற்றுநோய். நாள்பட்ட மைலாய்டு வகை. மாதம் ஒரு முறை பஸ் ஏறி மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். இத்தனை நாள் அடங்கிக் கிடந்த எண்ணிக்கை இப்போது மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, “மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சுப்பா. இனி கேக்காது” என்றார்.

இந்தப் பேச்சைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தலைவலி மாத்திரைக்கும் சொல்வார்கள், சர்க்கரை மாத்திரைக்கும் சொல்வார்கள். புற்றுநோய் மாத்திரைக்குச் சொல்லும்போது அது தவறு, ஆபத்தும்கூட. உடம்பு எதற்கும் பழகவில்லை. உள்ளே ஆள் மாறியிருக்கிறது, அல்லது மாத்திரையே சரியாக உள்ளே போகவில்லை. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் ‘பழகிப்போச்சு’ என்று கைவிரிப்பது, ஐந்தொகை போட்டுப் பார்க்காமலே கடையை மூடுவதற்குச் சமம்.

ஆள் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் பேரேட்டுக்கே போக வேண்டும்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற பேரேடு இருக்கிறது. அதில் ஏ, சி, ஜி, டி என நான்கே எழுத்து. தாய்வழிப் பிரதி ஒன்று, தந்தைவழிப் பிரதி ஒன்று, இரண்டும் சேர்த்து சுமார் 600 கோடி எழுத்து. பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சடித்தால் 30 லட்சம் பக்கம் வரும். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் இத்தனையையும் படியெடுத்தாக வேண்டும். எழுதும் நொதி லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறுகிறது. எழுதிய கையோடு அதுவே திரும்பிப் பார்த்துப் பெரும்பாலான தவறுகளை அழித்து எழுதுகிறது. பின்னாலேயே சரிபார்க்கும் நொதிகளின் கூட்டம் ஒன்று வந்து, இரண்டு இழைகளையும் ஒத்துப்பார்த்து, இடிக்கும் இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுகிறது. எல்லாம் முடிந்து மிஞ்சுவது 100 கோடி எழுத்துக்கு ஒரு தவறு. சில கணக்குப்படி அதைவிடவும் குறைவு. ரங்கூனிலோ மலாயாவிலோ எந்தக் கடையின் பெட்டியடியிலும் இப்படி ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்க முடியாது.

ஆனால் கடை பெரிது. எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நூறு கோடிக்கு ஒன்று என்பது இந்த வியாபாரத்தில் சிறிய எண் அல்ல. நம் எல்லோர் உடம்பிலும், இதைப் படிக்கும் இந்த நிமிஷத்திலும், எழுத்து மாறிய செல்கள் உண்டு. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்வதில்லை. பேரேட்டின் வெற்றுப் பக்கத்தில் விழுந்த மைத்துளி போலத்தான். சில மாற்றங்கள் அந்தச் செல்லையே கொன்றுவிடும். ‘பிரி’ என்று ஆணையிடும் மரபணுவிலோ ‘நில்’ என்று தடுக்கும் மரபணுவிலோ விழும் மாற்றம்தான் வம்பு. 1982ஆம் ஆண்டு மனிதப் புற்றுநோய்ச் செல் ஒன்றில் ராஸ் என்ற மரபணுவைப் படித்துப் பார்த்தவர்கள், ஆரோக்கியமான மரபணுவுக்கும் அதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று கண்டார்கள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் புரதத்தின் 12ஆம் கண்ணியில் கிளைசின் போய் வேலின் வந்து உட்கார்ந்தது. ‘பிரி’ என்ற ஆணை அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு தவறு மட்டும் போதாது என்பதுதான் நாம் செய்த புண்ணியம். பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இப்படிப் பல தவறுகள் ஒரே செல்லின் வம்சத்தில் அடுத்தடுத்துச் சேர வேண்டும். அதனால்தான் அது வயதோடு வரும் நோயாக இருக்கிறது. புகையிலை அந்த வேகத்தைக் கூட்டிவிடும். பந்தி முடிந்ததும் தாம்பூலத் தட்டை நீட்டும் ஊரில் பிறந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் புகையிலை சேர்க்காத வெறும் கொட்டைப்பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டே வகைப்படுத்திவிட்டது.

பெரியப்பாவின் நோய் மற்றவற்றைப் போல் பல தவறுகளுக்குக் காத்திருப்பதில்லை. ஒரே பெரிய தவறில் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் அறிவியல் அதை முதலில் பிடித்தது.

1950களின் பின்பாதி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பீட்டர் நோவெல் என்ற இளம் ஆய்வாளர் ரத்தப் புற்றுநோய்ச் செல்களைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, முறையான கரைசலுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் அலசினார். செல்கள் உப்பி, குரோமோசோம்கள் பிரிந்து பரவி, ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அதில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டு, 1960ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நோயாளிக்கு நோயாளி அதே குட்டை. பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. அது ஏன் குட்டையானது என்று சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் கத்தரித்துப் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பார். அம்மா காகித பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1973ஆம் ஆண்டு அவர் சொன்னது இது: 22ஆம் குரோமோசோமில் அறுந்த துண்டு தொலைந்துபோகவில்லை; 9ஆம் குரோமோசோமின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. இரண்டு கடைகளின் பேரேடுகள் தையல் பிரிந்து கிடக்கின்றன. பைண்டிங் செய்கிறவர் அவசரத்தில் ஒன்றின் முன்பாதியை மற்றதன் பின்பாதியோடு சேர்த்துத் தைத்துவிட்டார். தலைப்பில் ஒரு கடையின் விலாசம், உள்ளே வேறு கடையின் கணக்கு. 22ஆம் குரோமோசோமின் ‘பி.சி.ஆர்.’ என்ற மரபணுவின் தலையும் 9ஆம் குரோமோசோமின் ‘ஏ.பி.எல்.’ என்ற மரபணுவின் உடலும் இப்படித்தான் ஒட்டின. ஏ.பி.எல். மரபணு தரும் புரதம் ஒரு நொதி. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரையைக் குத்தி ‘வளரு, பிரி’ என்று கிளப்பிவிடுவது அதன் வேலை. வேலை இல்லாதபோது தன் முன்நுனியைத் தானே மடக்கிச் செருகிக்கொண்டு சும்மா இருக்கும். புதிய ஒட்டில் அந்தச் செருகும் பகுதி அறுந்துபோய்விட்டது. ஆகவே நொதிக்கு ஓய்வே இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் ஏறுகின்றன. மண்ணீரல் வீங்கி இடப்பக்க வயிறு கல்லாகக் கனக்கிறது.

இதற்கு மருந்து என்று வந்தபோது ஒரு கேள்வி இருந்தது. பிரியும் செல்கள் எல்லாவற்றையும் அடிப்பதா, அந்த ஒரு நொதியை மட்டும் அடிப்பதா? முதல் வகைக்கு நம் ஊர்க்காரர்கள் ரசிக்கும் ஒரு கதை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ஆம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டி, 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அதே மின்வேதியியலில்தான் உலகில் மிக அதிகம் பயன்படும் புற்றுநோய் மருந்துகளில் ஒன்றும் தற்செயலாகப் பிறந்தது. மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களின் நடுவே பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நூலாக நீண்டன. மின்சாரம் அதற்குக் காரணமல்ல. முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் சேர்மம்தான் காரணம் என்று 1965ஆம் ஆண்டு வெளியிட்டார். அதுவே சிஸ்பிளாட்டின். அது டி.என்.ஏ. இழைகளில் முடிச்சுப் போடும்; புற்றுநோய்ச் செல், தலைமுடிச் செல், குடல் செல் என்று பேதம் பார்க்காது.

பெரியப்பாவின் நோய்க்கு வந்த இமாட்டினிப் இரண்டாம் வகை. அது ஏ.பி.எல். நொதியின் உள்மடிப்பில் ஒரு குழியைத் தேடிப் போய் உட்காரும். அந்தக் குழிதான் நொதிக்கு எரிபொருள் வரும் இடம். பூட்டு – சாவி உவமை வகுப்பறையில் நைந்துபோனது. ஆனாலும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டும் அதன் சாவியும் போலத்தான் இதன் பொருத்தம். ஓரிகன் மாநிலத்தில் பிரையன் ட்ரூக்கர் 1998ஆம் ஆண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். போதுமான அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. மருத்துவ உலகில் இப்படி ஒரு விகிதம் எப்போதாவதுதான் வரும். 2001 மே 10 அன்று அமெரிக்கா அனுமதி அளித்தது. அந்த மாதமே ‘டைம்’ இதழின் அட்டையில் மாத்திரை ஏறியது.

அதே ஆண்டிலேயே கெட்ட செய்தியும் வந்துவிட்டது. நோய் முற்றிய கட்டத்தில் மருந்து பெற்றவர்கள் முதலில் தேறி, சில மாதங்களில் மறுபடி விழுந்தார்கள். கலிஃபோர்னியாவில் சார்லஸ் சாயர்ஸின் குழு அப்படிப்பட்டவர்களின் செல்களில் ஏ.பி.எல். மரபணுவைப் படித்துப் பார்த்தது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது. ‘ஏ.சி.டி.’ என்பது ‘ஏ.டி.டி.’ ஆகியிருந்தது. நடு எழுத்து மட்டும்.

அந்த நடு எழுத்து என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நொதியின் 315ஆம் கண்ணியில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கொண்ட சிறு கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இமாட்டினிப் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் குழிக்குள் இறங்குகிறது. எழுத்து மாறியதும் திரியோனின் இருந்த இடத்தில் ஐசோலூசின் வருகிறது. அதற்குக் கொக்கி கிடையாது. போதாக்குறைக்கு உடம்பும் பருமன். பிடிக்கவும் ஏதுமில்லை, நுழையவும் இடமில்லை. ஆனால் எரிபொருளுக்கு அந்தக் கொக்கி தேவையே இல்லை. அது வழக்கம்போல் வந்து போகிறது. 600 கோடி எழுத்தில் ஓர் எழுத்து மாறி, மருந்து வெளியே நிற்கிறது.

இனி முக்கியமான கேள்வி. அந்த எழுத்தை மாற்றியது யார்? மருந்தைக் கண்டு செல் தன்னை மாற்றிக்கொண்டதா?

இதே கேள்வியை 1943ஆம் ஆண்டு பாக்டீரியாக்களை வைத்து சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் கேட்டார்கள். வைரஸைக் கண்டபின் பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறதா, அல்லது எதிர்ப்புள்ளவை முன்பே கூட்டத்தில் கலந்திருக்கின்றனவா? விடைக்கு வழி ஒரு நடன விருந்தில் கிடைத்தது. சக பேராசிரியர் ஒருவர் காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரத்தில் காசை இழந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு தடவை கொட்டித் தள்ளியது. லூரியாவுக்குப் பொறி தட்டியது. வைரஸைப் பார்த்துக் கற்றுக்கொள்வதானால் எல்லாக் குழாய்களிலும் தப்பிப் பிழைப்பவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முன்பே எதேச்சையாக மாறியவை என்றால், பல குழாய்களில் பூஜ்யமும் ஒன்றிரண்டில் கொட்டிக் கிடப்பதுமாக இருக்க வேண்டும். செய்து பார்த்தார்கள். இரண்டாவதுதான் வந்தது.

ரத்தப் புற்றுநோயிலும் பெரும்பாலும் இதே கதைதான். மருந்து தொடங்குமுன் எடுத்து வைத்த ரத்தத்தைப் பிறகு நுணுக்கிப் பார்த்தபோது, சிலரிடம் மாறிய எழுத்து கொண்ட செல்கள் அப்போதே மிகச் சொற்பமாக இருந்தன. மனக்கணக்கே போதும். நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் உடம்பில் புற்றுநோய்ச் செல்கள் ஒரு லட்சம் கோடி அளவில் இருக்கலாம். நூறு கோடி எழுத்துக்கு ஒரு தவறு என்றால், அவை எல்லாம் ஒரு முறை பிரியும்போதே குறிப்பிட்ட எந்த ஓர் எழுத்தும் ஓராயிரம் செல்களில் மாறியிருக்கும். அவற்றில் நீண்ட காலம் வாழ்ந்து வம்சம் பெருக்கக்கூடியவை மிகச் சிலதான். அதனால்தான் எல்லோருக்கும் எதிர்ப்பு வருவதில்லை. மருந்து இல்லாத காலத்தில் அந்த மாறிய செல்லுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை, கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து வந்து சுற்றியிருந்த சொந்தக்காரர்களையெல்லாம் அழித்ததும் வளவு முழுக்க அதற்கே. ஆகவே மருந்து எழுத்துப் பிறழ்வை உண்டாக்குவதில்லை, பிழைப்பது எது என்று பொறுக்கி எடுக்கிறது. புற்றுநோய் இப்படிச் செல் வம்சங்களின் பரிணாமமாகத்தான் நடக்கிறது என்று 1976ஆம் ஆண்டு தெளிவாக எழுதியவர் வேறு யாருமல்ல, குழாய்த் தண்ணீரில் சில்லை அலசிய அதே பீட்டர் நோவெல்தான்.

எதிர்ப்பு எல்லாமே எழுத்து மாற்றத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயர்ஸ் குழு பார்த்தவர்களில் மூவருக்கு நடந்தது வேறு. ஒட்டு மரபணுவே பல படிகளாகப் பெருகியிருந்தது. பூட்டு ஒன்றென்றால் சாவி போதும், பத்தென்றால் போதாது. சில செல்கள் உறக்கத்தில் கிடந்து மருந்தைத் தாக்குப்பிடிக்கும். சில, வேறு ஆணைப் பாதையைத் திறந்துகொள்ளும்.

நுரையீரல் புற்றுநோயில் இந்த நாடகம் இன்னும் வேகமாக நடக்கிறது. அதில் ஒரு வகைக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தின் பிறழ்வு காரணம். நுரையீரல் அடினோகார்சினோமா வந்த இந்தியர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இந்தப் பிறழ்வு காணப்படுகிறது. ஐரோப்பியர்களிடம் இருப்பதைவிட இது அதிகம். வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்கள் பலர் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை அற்புதமாகக் கேட்கும். பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் நோய் திரும்பும். 2005ஆம் ஆண்டு காரணம் தெரிந்தது. 790ஆம் கண்ணி. அங்கும் திரியோனின். அங்கும் ‘சி’ என்ற எழுத்து ‘டி’ ஆகியிருந்தது. இரண்டு வேறு நோய், இரண்டு வேறு புரதம்; குழியின் வாயிலில் அதே இடம், அதே எழுத்து மாற்றம். சி, டி ஆவது டி.என்.ஏ.வில் அடிக்கடி நடக்கும் வழுக்கல் என்பது ஒரு காரணம். அந்த ஒரு வழுக்கலில் தப்பித்துவிடலாம் என்பது மற்றொன்று. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. எதிரி மேல் வரக்கூடாத மரியாதை வந்தது.

வேதியியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு டாசட்டினிப் வந்தது. அந்தப் பெயரின் முதற்பாதி, அதை உருவாக்கிய குழுவிலிருந்த இந்திய வம்சாவளி வேதியியலாளர் ஜகபந்து தாஸின் பெயர். அடுத்த ஆண்டு நிலோட்டினிப். வேறு பல பிறழ்வுகளை இவை சமாளித்தன. 315இல் இரண்டும் தோற்றன. 2012ஆம் ஆண்டு வந்த பொனாட்டினிப், கொக்கியைத் தேடாமல், மூன்று பிணைப்புகள் கொண்ட ஒல்லியான கார்பன் இணைப்பு ஒன்றால் பருத்த ஐசோலூசினின் பக்கவாட்டில் நழுவி உள்ளே போகிறது. ஆனால் ரத்தக் குழாய் அடைப்பு என்ற பெரிய பக்கவிளைவு அதற்கு உண்டு. 2021ஆம் ஆண்டு வந்த அசிமினிப் முற்றிலும் வேறு யோசனை. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் இருக்கும். முகப்பில் காவல் பலமாக இருந்தால் என்ன, இந்த மருந்து பின்வாசலுக்குப் போகிறது. நொதி ஒரு காலத்தில் தன் முன்நுனியைச் செருகிக்கொண்டு சும்மா இருந்தது என்றேனே, ஒட்டு நேர்ந்தபோது காலியான அந்தக் குழியில் போய் உட்கார்ந்து, தொலைந்த கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறது. எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த மருந்து இதுதான்.

ஒன்றன்பின் ஒன்றாக மருந்து மாற்றுவதைவிட, முதலிலேயே இரண்டை ஒன்றாகக் கொடுத்தால் என்ன? தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959ஆம் ஆண்டு உலகத்துக்குக் காட்டியது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றதில் மாட்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தப்ப வேண்டுமானால் நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கிய எண்ணிக்கையில் ஒன்று. அத்தனை செல் எந்த உடம்பிலும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரே எழுத்து மாற்றம் இரண்டு மருந்தையும் தோற்கடிப்பதாக இருக்கக்கூடாது. இமாட்டினிப்பையும் டாசட்டினிப்பையும் சேர்த்துப் பயனில்லை. 315 இரண்டையும் வெளியே நிறுத்தும். முகப்பு மருந்தும் பின்வாசல் மருந்தும் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிலோட்டினிப், அசிமினிப் இரண்டையும் சேர்த்துப் பெற்ற எலிகளில் மருந்தை நிறுத்திய பிறகும் நோய் திரும்பவில்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் அதிகம்; கணக்கு மட்டும் சரி.

மருந்து கண்டுபிடித்தால் போதுமா, கைக்கு எட்ட வேண்டாமா? அதற்கான வழக்கு நம் மாநிலத்தில்தான் தொடங்கியது. இமாட்டினிப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998ஆம் ஆண்டு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில். அந்நிறுவனத்தின் மருந்து மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் விற்றது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் போட்ட மனுவைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பைச் சொன்னது: நோய் தீர்க்கும் திறன் கூடாவிட்டால், பழைய மருந்தின் புதிய படிக வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால், பெரியப்பா போன்றவர்கள் மதுரை பஸ் ஏறியும் பயனிருந்திருக்காது.

விலைக்கும் எதிர்ப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காசு இல்லாமல் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுவது, அரைகுறையாக அடிபட்ட செல்களுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுப்பது. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டிமூடியில் கருவி பொருத்தி, எப்போதெல்லாம் மூடி திறக்கிறது என்று மூன்று மாதம் பதிவு செய்தார்கள். 2010ஆம் ஆண்டு வெளியான முடிவு இது: பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களில், ஆறு ஆண்டுகளில் ஒட்டு மரபணுவின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் வாய்ப்பு 94 சதவீதத்துக்கும் மேல். அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு 28 சதவீதம். பத்தில் ஒன்று என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரை. மூன்றே மூன்று.

பெரியப்பாவுக்கு மதுரையில் ஏ.பி.எல். மரபணுவைப் படித்துப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சில வாரங்களில் முடிவு வந்தது. 315இல் மாற்றமில்லை. வேறெங்கும் மாற்றமில்லை. எழுத்தெல்லாம் பழையபடியே இருந்தன. டாக்டர் அவரிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார். விரதத்தில் மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது என்று அதற்கு முன்பே பாதி நாள் விட்டிருக்கிறார். திரும்பி வந்து காலில் கொப்புளம் ஆறும்வரையும் அதே நிலைதான். “முருகன் பாத்துக்குவான்னு நினைச்சேன்” என்றார் என்னிடம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு சாப்பிட்டால் குமட்டல் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இறங்கியிருந்தது.

அவருக்கு இப்படி முடிந்தது. இன்னொருவருக்கு 315 மாறியிருக்கலாம். அவருக்கு வேறு மருந்து வேண்டும், அதுவும் உடனே வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரின் ரிப்போர்ட்டிலும் ஏறும் எண்தான் தெரியும். எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து என்பதற்கு உலகம் வைத்திருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகளை வைத்து எழுதப்பட்டவை. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 மரபணு வரிசைகளை ஆய்வாளர்கள் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. நம் பேரேட்டை நாமே படிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும், ஒட்டு மரபணுவின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை (PCR) ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மூன்றாம் மாதம் 10 சதவீதம், ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1 என்று அந்த அளவு இறங்கி வர வேண்டும். இறங்காவிட்டாலோ இறங்கியது ஏறினாலோ, பிறழ்வுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், போன மாதம் எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.